கத்தலைப் பார்த்த பெண்

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களை யாராவது ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று கூப்பிடுவார்கள். திருத்தாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அலுவலகப் பலகையில் எழுதியிருந்தாலும் ஊருக்கு நம்மைத் தெரிவது அந்தப் பெயரில்தான். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் என்னை “பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா” என்றுதான் சொல்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

எட்டு எப்படிப் போட வேண்டும், கால் தரையில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சில இடங்களில் கேமராவும் சென்சாரும் வைத்த டிராக் வந்துவிட்டது. சக்கரம் கோட்டைத் தொட்டால் அதுவே சொல்லிவிடும். அந்த வேலையை இயந்திரம் நம்மைவிட நன்றாகவே செய்யும். செய்யட்டும். ஆனால் எட்டைச் சுத்தமாகப் போட்டு முடித்துவிட்ட ஒருவருக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து, கை நகராமல் நின்ற ஒரு காலைப்பொழுது எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, தென்சென்னையில் ஓர் அலுவலகத்தில். அந்தப் பெண்ணைக் கோமதி என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அப்பா ஏகாம்பரம். இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

மாசி மாத வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேர்வு மைதானத்தில் புங்கமர நிழலில் என் நாற்காலி. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் தங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர், நரைத்த மீசை, நெற்றியில் விபூதி, வரிசையைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“மேடம், ஒரு நிமிசம். தனியா பேசணும்.”

தனியாகப் பேச வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். “எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க,” என்றேன்.

“என் பொண்ணு டெஸ்ட்டுக்கு வந்துகீது. அதோ, நீலச் சுடிதாரு. பொறவிலேர்ந்து காது கேக்காது. பேச்சும் வராது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அத்த ஃபெயில் பண்ணிடுங்க மேடம்.”

பாஸ் போடச் சொல்லிச் சிபாரிசோடு வந்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, சட்டம் பேசியவர்கள் உண்டு. ஃபெயில் போடச் சொல்லிக் கைகூப்பியவர் இவர் ஒருவர்தான்.

“ஏன்?”

“நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க கவர்மெண்டு. நீங்க முடியாதுன்னுட்டா அடங்கிடும். நான் இந்த ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து ஆட்டோ ஓட்டிக்கினு கீறேன் மேடம். கண்ணு முன்னாடி எத்தினியோ பாத்துட்டேன். நல்லா காது கேக்கறவனே அடிபட்டுப் பூட்றான். பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிச்சா இதுக்குத் தெரியுமா? தண்ணி லாரிக்காரன் அடிச்சா தெரியுமா?”

அவர் சொல்லச் சொல்ல விவரம் தெரிந்தது. வீடு மந்தைவெளிப் பக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில். கோமதிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை. இயந்திரத்தில் கடைந்து வரும் உதிரி பாகங்களில் கீறலோ பிசகோ இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற பிரிவு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காலையில் அப்பாவின் ஆட்டோவில் போவாள், மாலையில் அதே ஆட்டோவில் வருவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அவர் வாசலில் நிற்பார். வேலை செய்யும் இடத்துத் தோழி ஒருத்தி மதிய இடைவேளைகளில் தன்னுடைய கியர் வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். எல்.எல்.ஆர். வாங்கிய பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது.

“அவ ஓட்டி நீங்க பாத்திருக்கீங்களா?”

“மாட்டேன்னுட்டேன் மேடம். அத்தப் பாக்க எனுக்குத் தெம்பு இல்ல.”

“டெஸ்ட் வெச்சுட்டுத்தான் சொல்ல முடியும். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க,” என்று அனுப்பிவிட்டேன்.

காது கேளாதவர்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்று விதி வந்திருந்தது. மருத்துவச் சான்று சரியாக இருந்தது. ஆனால் விதி வந்த வேகத்தில் எங்களுக்குத் தைரியம் வந்துவிடவில்லை. எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. ஏகாம்பரம் கேட்ட கேள்விகள் எனக்குள்ளும் இருந்தன.

கோமதியின் முறை வந்தது. மெலிந்த பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடி மறைப்பை மேலே ஏற்றிவிட்டாள். கையால் வட்டம் போட்டுக் காட்டி “எட்டு” என்றேன். என் உதட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கியர் வண்டியில் எட்டுப் போடுகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் கிளட்சை விடுவார்கள், பிடிப்பார்கள். சத்தம் இறங்கினால் கை தானாக முறுக்கும். இவளுக்கு அது கிடையாது. இரண்டு முழங்கால்களையும் பெட்ரோல் டாங்கோடு ஒட்டி வைத்திருந்தாள். வண்டியின் நடுக்கம் அவள் முட்டி வழியாக ஏறிக் கைக்குப் போனது. வளைவில் வண்டி திணறப் போகிறது என்று நான் நினைக்கும் முன்பே அவள் கை திருத்திவிட்டது. கால் தரையில் படவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அவளுடைய முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டியோடு ஒரு மனித உடம்பு இப்படியும் பேசிக்கொள்ளும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

பக்கத்து நாற்காலியில் என் சக ஆய்வாளர். அவர் குனிந்து, “எட்டுப் போட்டாச்சு, பாஸ் போட்டு அனுப்பிடுங்க. இல்லன்னா டாக்டர் சர்டிபிகேட்டு தெளிவா இல்லன்னு சொல்லி இன்னொரு நாள் வரச் சொல்லுங்க. அன்னிக்கு வேற யாராவது டியூட்டில இருப்பாங்க,” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவர் காட்டிய இரண்டு வழியும் சுலபமான வழி. இரண்டிலும் நான் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒருமுறை நான் ஒரு வயதானவரைத் தோல்வி என்று எழுதப் போனபோது பின்னால் நின்று பார்த்தவர், “அவர் தப்பாலயா, உன் பயத்தாலயா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். பேனா நகராமல் இருந்த அந்த நேரத்தில் அவர் குரல்தான் கேட்டது. பிரச்சினை என்னவென்றால், பயத்தால் ஃபெயில் போடக் கூடாது என்றால் பரிதாபத்தாலும் பாஸ் போடக் கூடாது. ரோடு யாருக்கும் பரிதாபம் காட்டாது.

அந்தச் சமயத்தில் கோமதி என் முன்னால் வந்து நின்றாள். தன் போனில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினாள். தமிழில் எழுதியிருந்தாள்.

‘எங்கப்பா ஃபெயில் பண்ணச் சொன்னாரு. அங்க இருந்தே அவரு வாயப் பாத்தேன். அவரு மேல கோவம் இல்ல.’

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் உண்மையிலேயே கோபம் இல்லை. போனை வாங்கி மறுபடி தட்டினாள்.

‘ரோட்ல டெஸ்ட் வைங்க மேடம். நீங்க அப்பா ஆட்டோல பின்னாடி வாங்க. அவரும் பாக்கட்டும்.’

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. மைதானத்தில் எதிரே வருகிற வண்டி இல்லை, பஸ் இல்லை, குறுக்கே வருகிறவர் இல்லை. காது தேவைப்படுகிற இடம் ரோடுதான். அங்கே பார்க்காமல் நான் எழுதுவது எதுவாக இருந்தாலும் அது ஊகம்தான்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். “ஆட்டோவ எடுங்க. உங்க பொண்ணு பின்னாடியே போறோம்.”

“வோணாம் மேடம்,” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஆட்டோவை நோக்கி நடந்தார்.

வழியைத் தாளில் வரைந்து காட்டினேன். மந்தைவெளி வழியாகத் தெற்கு மாட வீதி, அங்கிருந்து லஸ், திரும்பி ஆழ்வார்ப்பேட்டை, அபிராமபுரம் சுற்றி மைதானம். ஆட்டோவின் முன்விளக்கைப் போட்டு அணைத்தால் ஓரமாக நிறுத்த வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவள் தன் வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் சரிசெய்தாள். ஒன்றில் ஆட்டோ தெரிய வேண்டும், இன்னொன்றில் வலப்பக்கம் முழுதும் தெரிய வேண்டும். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி இருப்பதே தலைவாரத்தான் என்று நினைக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது புதிதாக இருந்தது.

கிளம்பினோம்.

ஏகாம்பரம் வண்டியை எடுத்த நிமிடத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை. முன்னால் போகிற மகளிடம்.

“பாத்தும்மா... லெப்ட்ல ஒருத்தன் வரான்... வுடு, அவன் போவட்டும்... பள்ளம், பள்ளம்...”

அவளுக்கு அது எட்டப் போவதில்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பேசினார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது. நடுநடுவே அவர் கட்டைவிரல் ஹார்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் அருகில் யார் வந்தாலும் இவர் பின்னாலிருந்து ஹார்ன் அடித்து விரட்டினார்.

நான் அவளைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. சும்மா ஒழுங்காக ஓட்டுகிறாள், அவ்வளவுதான். மந்தைவெளி தாண்டியதும்தான் கவனித்தேன். ஒவ்வொரு சந்து வருவதற்கு முன்பும் அந்தத் தலைக்கவசம் துளி திரும்பியது. ஓரமாக நின்றிருந்த ஒரு காருக்குப் பக்கத்தில் அவள் காரணமில்லாமல் வலதுபுறம் விலகினாள். நாங்கள் அந்தக் காரை நெருங்கியபோது அதன் கதவு திறந்து ஓர் ஆள் காலை வெளியே வைத்தார். உள்ளே ஆள் அசைந்ததை அவள் காரின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். மாட வீதியில் எதிரே வந்த தேங்காய் வண்டிக்காரர் தலையை வலதுபக்கம் சாய்த்ததும் இவள் வேகத்தைக் குறைத்தாள். அவர் வலதுபக்கம் திரும்பி எங்களுக்குக் குறுக்கே போனார். கை காட்டவில்லை, சத்தம் கொடுக்கவில்லை. தலையைச் சாய்த்தார், அவ்வளவுதான்.

வருடக்கணக்காக ஆயிரமாயிரம் பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் கை, கால், பிரேக், இண்டிகேட்டர். ஒரு தெருவில் இத்தனை முகங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு முகமும் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அன்று அந்த ஆட்டோவின் பின் இருக்கையில்தான் பார்த்தேன். கோபுரமும் குளமும் கூட்டமும் நான் தினமும் கடந்து போனவைதான். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது.

லஸ் நெருங்கும்போது ரோடு குறுகியது. மெட்ரோ வேலைக்காக வலதுபக்கம் முழுவதும் தகரத் தடுப்பு. இடதுபக்கம் நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி. முன்னால் போனவர்கள் எல்லாம் அதில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். கோமதியும் நுழைந்தாள். பஸ்ஸின் பாதி நீளம் போனாள்.

நிறுத்திவிட்டாள்.

முன்னால் வழி காலியாக இருந்தது. நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. ஏகாம்பரம் பிரேக்கை மிதித்ததில் நான் முன் கம்பியில் இடித்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் பைக்குகள், ஷேர் ஆட்டோ, ஒரு கார். ஒரே நேரத்தில் எல்லா ஹார்னும் கிளம்பின. அந்தச் சந்துக்குள் தகரம் அதிர்ந்தது.

“இன்னாம்மா... போம்மா... போ!” ஏகாம்பரமும் ஹார்னில் வைத்த விரலை எடுக்கவில்லை. அது மகளுக்குக் கேட்காது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. என் வாயிலும் “போம்மா” என்று வந்துவிட்டது. பயத்தில் உறைந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நெருக்கடியில் நடுரோட்டில் நின்றுவிடுகிறவர்களுக்கு உரிமம் கிடையாது. மனதுக்குள் ஃபெயில் என்று எழுதியே விட்டேன். நிம்மதியாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

எங்களுக்குப் பின்னாலிருந்து பைக்கில் வந்த ஒருவன் வலதுபக்கம் ஒடித்து, தடுப்பை உரசிக்கொண்டு அவளைத் தாண்டப் பார்த்தான். அவள் அவனைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரத்தை வலதுபக்கம் திருப்பி வண்டியைக் குறுக்கே சாய்த்து வழியை அடைத்தாள். வலது கையை உயரே தூக்கி, உள்ளங்கையைப் பின்னால் இருந்த எங்கள் எல்லோருக்கும் காட்டினாள்.

அப்போதுதான் பஸ்ஸின் முன்னாலிருந்து அவர் வந்தார். எழுபது வயது இருக்கும். வேட்டி, தோளில் துண்டு, ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கை காதில் போனை அழுத்திக்கொண்டிருந்தது. ரோட்டின் பக்கம் தலையே திரும்பவில்லை. பஸ்ஸை ஒட்டி வந்து, கோமதி நிற்காமல் போயிருந்தால் அவள் சக்கரம் எங்கே இருந்திருக்குமோ சரியாக அந்த இடத்தில் கால் வைத்து, தடுப்பில் இருந்த இடைவெளியை நோக்கி நடந்தார். பாதி வழியில் நிமிர்ந்து, தன் முன்னால் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியாக ஏகாம்பரத்தின் விரல் ஹார்னிலிருந்து எடுபட்டது.

“ஏய், இன்னா, காது கேக்கல?” பைக்கில் வந்தவனுக்கு இன்னும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கோமதியின் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

ஏகாம்பரம் ஆட்டோவிலிருந்து குதித்தார். அடிக்கப் போகிறார் என்று பயந்து நானும் இறங்கினேன். அவர் அவன் முன்னால் போய் நின்றார்.

“ஆமாடா, கேக்காது! என் பொண்ணுடா அது!”

அந்தப் பையன் கோமதியைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், சிதறிக் கிடந்த கத்தரிக்காயைப் பார்த்தான். வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் காய்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

பெரியவரை ஓரமாக உட்கார வைத்தோம். “பாக்கவே இல்லையேம்மா. ஆத்துலேர்ந்து போன் வந்துண்டே இருந்தது. ஹார்ன் சத்தம் கேட்டுது, கேக்காம இல்லை. அது எப்பவும் கேட்டுண்டுதானே இருக்கு இந்த ரோட்டுல!” என்றார்.

தடுப்பு இடைவெளியின் ஓரத்தில் ஒரு பூக்கார அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மார்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து வந்தார். “அய்ய, நான் எவ்ளோ கத்துறேன், ‘வண்டி வருது வண்டி வருது’ன்னு. தொண்டையே பூட்ச்சி. ஒருத்தன் காதுல வுயல. இந்தப் பொண்ணுதாம்மா நின்னுச்சு. என்னைத்தான் பாத்துச்சு.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த கோமதியிடம் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” வாயை நிதானமாக அசைத்தேன். அவள் தன் இரண்டு கண்களைத் தொட்டாள். பூக்காரம்மாவைக் காட்டினாள். பிறகு கண்களை அகல விரித்து, வாயைத் திறந்து, ஒரு கையை நீட்டி எதையோ தடுக்கிறவள்போல உடம்பை முன்னால் சாய்த்தாள். சத்தமே இல்லாத ஒரு கத்தல். அந்த அம்மாவின் முகத்தை அப்படியே எனக்குக் காட்டினாள்.

பஸ்ஸுக்கு முன்னால் யார் வருகிறார், எங்கே வருகிறார் என்று அவளுக்குத் தெரியாது. பெரியவரை அவள் பார்க்கவே இல்லை. ரோட்டோரத்தில் ஒரு பெண் அலறுவதைப் பார்த்தாள், அதற்கு மேல் ஒரு முழம்கூடப் போகக் கூடாது என்று முடிவு செய்தாள்.

அத்தனை பேர் அத்தனை ஹார்னோடு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தோம். நானாக இருந்திருந்தால் போயிருப்பேன். முன்னால் வழி காலி, பின்னால் எல்லோரும் போ போ என்கிறார்கள். யார்தான் போக மாட்டார்கள்? பின்னால் நிற்கிறவனின் அவசரத்தை நாம் காது வழியாக உள்ளே விட்டு, அதையே நம்முடைய முடிவு என்று நினைத்து வண்டியை நகர்த்துகிறோம். அவளை அந்தச் சத்தம் தொடவில்லை. கண் என்ன சொன்னதோ அதற்கு மட்டும் கட்டுப்பட்டாள்.

இதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. காது கேட்காதவர்கள் எல்லோரும் அபாரமாக ஓட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பின்னொரு நாள் அதே குறையோடு ஒரு இளைஞன் வந்தான். மைதானத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைத் திரும்பியே பார்க்கவில்லை. தயங்காமல் ஃபெயில் போட்டேன். பழகிவிட்டு வா என்று அனுப்பினேன், வந்தான், பிறகு வாங்கிக்கொண்டு போனான். நான் சொல்வது இதுதான்: எதிரில் வந்து நிற்கிற ஆளை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். அவரைப் பற்றி அடுத்தவர்கள் வைத்திருக்கும் பயத்தையும் உங்கள் பயத்தையும் சேர்த்து ஓட்டச் சொல்லிப் பார்க்காதீர்கள். உங்களுக்குப் பின்னாலும் எப்போதும் யாராவது ஹார்ன் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சிலர் நல்லவர்களாகவும் இருப்பார்கள். அன்று என்னிடம் கைகூப்பிய மனிதரைவிட அந்தப் பெண் மேல் பாசம் உள்ளவர் உலகத்தில் யாருமில்லை.

மீதி வழியையும் ஓட்டச் சொன்னேன். தேர்வு தேர்வுதான். ஆழ்வார்ப்பேட்டை சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நிறுத்தினாள், அபிராமபுரத்தில் ரோட்டைக் கடந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிவிட்டாள். ஏகாம்பரம் அந்த வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண் மட்டும் அவள் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது திரும்புகிற பக்கமெல்லாம் இவர் கண்ணும் திரும்பியது. அங்கே என்ன இருக்கிறது என்று தேடியது. சில சமயம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தபோதெல்லாம் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டார்.

மைதானத்துக்கு வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கோமதியிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் கூப்பினாள். அடுத்த நொடி என்னை மறந்துவிட்டு அப்பாவை நோக்கி நடந்தாள்.

ஏகாம்பரம் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தார். மகள் எதிரில் வந்ததும் காக்கிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் அவர்களுக்குள் பழகிய கை ஜாடையில் ஏதோ சொன்னார். தன் காதைத் தொட்டார். கையை விரித்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவள் பதிலுக்கு ஏதோ ஜாடை காட்டினாள். சிரித்தாள். படம் எடுக்கும் அறைக்கு ஓடிவிட்டாள்.

எனக்கு அந்த ஜாடை புரியவில்லை. கேட்கலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு அவ்வளவு பார்த்த பிறகு கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“பூக்காரம்மா அந்தக் கத்து கத்திச்சாமே, எனுக்குக் கேக்கவே இல்ல கொயந்தைன்னேன் மேடம்.”

“அதுக்கு அவ?”

அவர் அந்த அறையின் வாசலைப் பார்த்தபடி சொன்னார்.

“பரவால்லப்பா, நான் பாத்துக்கறேன்னுச்சு.”